சகலை பிடித்த கோட்டை

"ஞாயிற்றுக்கிழமை நாம லாப்ரடார் போறோம்" என்று சகலை போனில் சொன்னபோது, யாரோ வீட்டு நாயைப் பார்க்கக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு நாய் என்றால் பயம். "நீ மட்டும் போயிட்டு வா, நான் கடையைப் பார்த்துக்கறேன்" என்று மனைவி செல்வியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அவள் தங்கை வசந்தியின் கிரைண்டரில் கல் தேய்ந்துபோய் மாவு ரவை மாதிரி வருகிறதாம். திண்டுக்கல்லிலிருந்து புதுக்கல் கொண்டுபோக வேண்டும். கல்லைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். நான் முதன்முதலாக வெளிநாடு போனதற்கு முழுக் காரணமும் இதுதான்.

சாங்கி விமான நிலையத்தில் பெட்டிக்குள் இருந்த கல்லைத் திரையில் பார்த்த சீனப் பெண் அதிகாரி எங்களை ஓரமாக அழைத்தார்.

"என்ன இது?"

"ஸ்டோன்" என்றேன்.

"எதற்கு ஸ்டோன்?"

"ரைஸ்."

அவர் முகம் இன்னும் கடுமையானது. அரிசியில் கல் கலப்பவன் என்று என்னை நினைத்திருக்கலாம். செல்வி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, "இட்லி" என்றாள். ஒரே ஒரு சொல். அதிகாரி சிரித்துவிட்டார். "ஓ, இட்லி! போங்கள், போங்கள்." எங்கள் பாஸ்போர்ட்டுக்குக் கிடைக்காத மரியாதை இட்லிக்குக் கிடைத்தது.

வெளியே சகலை குணசேகரன் காத்திருந்தார். உடம்பு முழுக்கப் பை வைத்த காக்கிச் சட்டை, தலையில் அகலத் தொப்பி, கழுத்தில் விசில். இதே விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்துச் சில மாதங்களுக்கு முன்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவர் பிறந்து வளர்ந்ததே சிங்கப்பூர்தான். அவருடைய அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

சகலை என்ற உறவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரு குற்றமும் செய்யாமல் ஒரே மாமியார் வீட்டில் மாட்டிக்கொள்வதால் ஏற்படும் உறவு அது. கல்யாணமான நாளிலிருந்து எங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மாமியாருக்குப் பொழுதுபோக்கு. அவர் சிங்கப்பூர் மாப்பிள்ளை. நான் சைக்கிள் கடை மாப்பிள்ளை. அவர் வரும்போது கோழி அடிப்பார்கள். நான் வரும்போது வீட்டிலிருக்கும் சைக்கிள்களை எல்லாம் வாசலில் நிறுத்தி வைப்பார்கள்.

மறுநாள் எங்களை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போனார்கள். பூக்கடை, நகைக்கடை, வாசலில் குவித்த வெங்காயம் எல்லாம் பார்த்தால் திண்டுக்கல் கடைத்தெருவைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு நிறுத்தியது மாதிரி இருந்தது. ஒரே வித்தியாசம், சாலையைக் கடக்க எல்லோரும் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தார்கள். வண்டியே இல்லாத சாலையில் இவ்வளவு பேர் சும்மா நிற்பதைப் பார்த்து எனக்குக் கால் அரித்தது.

தேக்கா சந்தையில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. எனக்குச் சர்க்கரை வியாதி. "தம்பி, சீனி இல்லாம ஒரு பால் டீ" என்றேன். கல்லாவில் இருந்தவர் மன்னார்குடிக்காரர். உள்ளே பார்த்து உரக்க, "தே சி கோசோங்!" என்றார். எனக்கு முன்னால் சொல்லி வைத்த யாரோ சீனக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்து மரியாதையாக விலகி நின்றேன். டீ மேடையில் ஆறிக்கொண்டே இருந்தது. யாரும் வந்து எடுக்கவில்லை.

"யாரோ கோசோங்காம், டீயை வச்சுட்டு எங்க போனாரோ" என்று வருத்தப்பட்டேன்.

சகலை தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "சகலை, நீங்கதான் லா அது! கோசோங்னா சீனி இல்லாதது. மலாய் வார்த்தை."

பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். அன்று முழுவதும் அவர் என்னை மிஸ்டர் கோசோங் என்றுதான் அழைத்தார். மாமியாருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டார்.

புக்கிட் மேராவில் பதினோராவது மாடியில் அவர்கள் வீடு. லிஃப்டில் ஏறியதும் ஒரு மலாய்க்காரப் பெண்மணி சகலையைப் பார்த்து அவசரமாக மறுபடி இறங்கிக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் போனதும் வசந்திதான் குரலைத் தாழ்த்தி விளக்கினாள்.

"அத்தான், ரிட்டயர் ஆனதுல இருந்து இவருக்குச் சரித்திரப் பைத்தியம். லிஃப்ட்ல யாராவது மாட்டினா யுத்தத்துல ஜப்பான்காரன் வந்த கதையை ஆரம்பிச்சிடறாரு. பாதிப் பேரு படியில போறாங்க. நான் காதுல பஞ்சு வைக்காத குறை. இப்ப ஏதோ நடைக் குழுவாம், அதுல சேர்ந்து தமிழ்ல சுத்திக் காட்டறேன்னு கேட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமை பரீட்சை."

லாப்ரடார் என்பது நாயில்லை, கடலோரத்தில் உள்ள ஒரு காப்புக்காடு என்று அப்போதுதான் தெரிந்தது. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே கோட்டை கட்டிப் பீரங்கி வைத்திருந்தார்களாம். நடைக் குழுவிலிருந்து லிம் அம்மா என்று ஒருவர் வந்து சகலை எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பார். பிடித்திருந்தால் மாதம் ஒருமுறை அவருக்கு ஒரு தமிழ் நடை. பிடிக்காவிட்டால் லிஃப்ட்தான் கதி.

"அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தை தெரியாது" என்றார் சகலை, கொஞ்சமும் கவலையில்லாமல். "கேக்கறவங்க முகத்தைப் பார்த்து மார்க் போடுவாங்க. அதனால நான் எப்படிப் பேசறேன்றது முக்கியமில்ல சகலை. நீங்க எல்லாம் எப்படிக் கேக்கறீங்கன்றதுதான்."

சனிக்கிழமை மாலை முழுவதும் எங்களுக்கு முகப் பயிற்சி நடந்தது. அவர் தொப்பியைத் தொட்டால் ஆச்சரியம். இருமினால் சோகம். பெல்ட்டை மேலே இழுத்தால் பெருமை. செல்வி சோகத்தில் நன்றாகத் தேறினாள். வசந்தி எல்லாவற்றுக்கும் கொட்டாவி விட்டாள். என் ஆச்சரியத்தைப் பார்த்துவிட்டுச் சகலை, "பல் வலி மாதிரி இருக்கு, இருந்தாலும் தூரத்துல இருந்து பார்த்தா ஓகே" என்றார். தவிர, பீரங்கிக் குண்டு எவ்வளவு கனம் என்று ஒரு கேள்வியும் நான் கேட்க வேண்டும். அதற்கான பதிலை அவர் கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்து வைத்திருந்தார். படுக்கப் போகும்போது விசிலைச் சட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எதற்காகவும் பதறி நான் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை வாட்ஸ்அப் அடித்துக்கொண்டே இருந்தது. வருகிறேன் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்குக் கோயில், ஒருவருக்கு முதுகுவலி. ஒருவர் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் டுரியான் பழம் சாப்பிடப் போய்விட்டதாக உண்மையையே சொல்லிவிட்டார். மிஞ்சியது நாங்கள் மூன்று பேர்தான்.

"பரவால்ல லா" என்றார் சகலை. பரவாயில்லை என்று சொல்கிற முகமில்லை அது.

எம்ஆர்டி ரயிலில் மாறி ஏறும் இடத்தில் அடுத்த அசம்பாவிதம். கதவு மூடப்போகும் மணி அடித்ததும் நான் உள்ளே பாய்ந்துவிட்டேன். சகலையும் வசந்தியும் எனக்கு முன்பே ஏறியிருந்தார்கள். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வடை எல்லாம் அடங்கிய பெரிய பையோடு செல்வி வெளியே நின்றுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லையென்றாலும் கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனதால் என்ன சொன்னாள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. ரயில் கிளம்பிவிட்டது. அவளிடம் போனும் இல்லை, அது என் பையில்தான் இருந்தது.

லாப்ரடார் நிலையத்தில் இறங்கிக் காத்திருந்தோம். அடுத்த ரயில் வந்தது, அவள் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மொழி தெரியாத ஊரில் எங்கே போய் நிற்கிறாளோ! அதற்குள் லிம் அம்மாவும் வந்துவிட்டார். குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், முழங்கால் வரை கால்சட்டை. எங்களைப் பார்த்து, "மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டார்.

"அடுத்த ரயிலில்" என்றார் சகலை.

அடுத்த ரயில் வந்தது. செல்வி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மூன்று ஆண்கள். ஒருவர் சோற்றுப் பையைச் சுமந்திருந்தார்.

"உங்களை நம்பி நான் எங்க நிக்கிறது?" என்றாள் என்னிடம். "தமிழ்ல பேசிக்கிட்டு நின்னாங்க, கூட்டிட்டு வந்துட்டேன். புதுக்கோட்டைப் பக்கமாம். கப்பல் பட்டறையில வேலை. கடலைப் பார்க்கலாம்னு கிளம்பினவங்க. நம்மகிட்டயும் கடல் இருக்கு, புளிச்சோறும் இருக்குன்னு சொன்னேன்."

பையைச் சுமந்தவர் முத்துக்குமார். அவருடைய இன்னொரு கையில் போன். அதில் அவர் மனைவி ரேவதி அறந்தாங்கியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, இவர் வாரத்துல ஒரு நாள்தான் பேசுவாரு. நான் கட் பண்ண மாட்டேன், நானும் வரேன்" என்றார் போனிலிருந்து. ஆக, அவரையும் சேர்த்துக்கொண்டோம். சகலை கண்ணில் தண்ணீர் வராத குறை. நான் அவசர அவசரமாக மூவருக்கும் தொப்பி, இருமல், பெல்ட் விவரத்தைச் சொன்னேன். அவர்கள் எதையும் மறுத்துக் கேட்கவில்லை. போர்மேன் சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள்.

பூங்கா அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் அடர்ந்த மரம், இன்னொரு பக்கம் கடலில் வரிசையாகக் கப்பல். மரத்தின் மேல் கொம்பு வைத்த அலகோடு ஒரு பெரிய பறவை உட்கார்ந்து எங்களைச் சட்டை செய்யாமல் பழம் தின்றது. பாசி படிந்த கோட்டைச் சுவர் முன்னால் சகலை விசில் அடித்தார். பக்கத்தில் யோகா செய்துகொண்டிருந்த ஒருவர் கவிழ்ந்து விழுந்தார்.

"அன்பார்ந்த வருகையாளர்களே!" என்று தொடங்கினார். வீட்டில் பேசும் தமிழ் இல்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாத் தமிழ். அதில் ஒன்றும் தப்பில்லை. தப்பு கொசுவில் இருந்தது. "கழிவறை வலப்புறம் உள்ளது" என்று அவர் சொன்னபோது ஒரு கொசு நெற்றியில் உட்கார்ந்தது. அவர் தொப்பியைத் தட்டினார். நாங்கள் எல்லோரும் கழிவறையைப் பார்த்து வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டோம்.

லிம் அம்மாவும் அந்தப் பக்கம் ஆர்வமாகத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "பிரிட்டிஷார் இங்கே தேநீர் அருந்தினர்" என்று இருமினார். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முத்துக்குமாரின் நண்பர் ஒருவர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். லிம் அம்மா பதறி என் காதருகே வந்து, "அங்கே என்ன நடந்தது? நிறையப் பேர் இறந்தார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"டீ" என்றேன். வேறு என்ன சொல்வது?

போனுக்குள்ளிருந்து ரேவதி, "ஏங்க, எதுக்கு எல்லாரும் அழறீங்க? எனக்குச் சரியா கேக்கல" என்றார்.

சகலைக்கு வியர்த்து ஊற்றியது. நடை கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. குரல் தேய்ந்துகொண்டே போனது. வசந்தி சோற்றுப் பைக்குக் காவலாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரர்கள் மலாயா வழியாக வந்த பகுதிக்கு அவர் வந்தபோது நாங்கள் எல்லோருமே தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அவர்கள் மிதிவண்டிகளில் வந்தனர்" என்றார்.

எனக்கு எங்கோ மணி அடித்தது. "சைக்கிள்லயா?"

"ஆமா."

"அவ்வளவு தூரமா? அந்த வெயில்லயா? பஞ்சர் ஆனா என்ன பண்ணாங்க?"

அது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை. சகலை ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு அவருடைய ஆண்டுவிழாத் தமிழ் கழன்று விழுந்தது.

"சகலை, அதைத்தான் யாரும் கேக்க மாட்டாங்க! டயரைக் கழட்டி வீசிட்டு வெறும் ரிம்லயே ஓட்டினாங்களாம். தார் ரோட்டுல நூத்துக்கணக்குல இரும்பு உருண்டா என்ன சத்தம் வரும்? டாங்கி வருதுன்னு வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பயந்து ஓடியிருக்காங்க."

"வெறும் ரிம்லயா!" தொப்பியைப் பார்க்காமலேயே என் வாய் பிளந்தது. "ரிம்மு கோணிடாதா? ஸ்போக் என்னத்துக்காவும்? அந்த வண்டியை அப்புறம் எவன் ரிப்பேர் பண்றது?" முப்பது வருஷமாகச் சக்கரம் நிமிர்த்துகிறவன் நான். ஒரு போரின் கொடுமை எனக்கு அந்த நிமிஷம்தான் முழுசாக உறைத்தது. லிம் அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துத் தலையாட்டினார்.

அதன்பிறகு சகலையைப் பிடிக்க முடியவில்லை. எங்களைப் பெரிய பீரங்கியிடம் கூட்டிப்போனார். வசந்தியும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அதைச் சுற்றிக் குண்டு போடுகிற வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சிலைகள் நிற்கின்றன. ஆள் உயரத்தில், அச்சு அசலாக. செல்வி ஒரு சிலையிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொன்னதை நான் யாரிடமும் சொல்லக் கூடாது.

சகலை கடலைக் கைகாட்டினார். "இந்தச் சிப்பாய்ங்க எல்லாம் கண்ணு சிமிட்டாம கடலையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. எதிரி கப்பல்ல வருவான், கப்பல்ல வருவான்னு. கடலை விட்டு வேற எங்கயும் பார்க்கல…"

அவரும் கண் சிமிட்டாமல் கடலையே பார்த்தார். அதனால்தான் அவருக்குப் பின்னால் புதரிலிருந்து வெளியே வந்த உடும்பை அவர் பார்க்கவில்லை. சிறிய உடும்பு இல்லை. படுத்திருந்தால் நான் சைக்கிளில் மேலே ஏறிப் போகத் தயங்குவேன், அவ்வளவு பெரியது. நாக்கை நீட்டி நீட்டி, அவசரமே இல்லாமல், சகலையின் காலை நோக்கி வந்தது.

"தம்பி" என்றாள் செல்வி சகலையிடம், மெதுவாக. "பின்னால."

சகலை திரும்பினார். சிங்கப்பூரில் பிறந்ததால் இளம் வயதில் ராணுவத்தில் அவர் செய்த இரண்டாண்டு கட்டாயச் சேவை, காக்கிச் சட்டை, விசில் எதுவும் உதவவில்லை. "அலாமாக்!" என்று ஒரு சத்தம்தான் கேட்டது. அடுத்த கணம் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கால்களைத் தரையிலிருந்து தூக்கி, இடுப்புக் குழந்தை மாதிரி தொங்கினார்.

அறந்தாங்கியிலிருந்து, "யாருங்க அந்த அண்ணன்? எதுக்கு வெள்ளைக்காரனைக் கட்டிப் பிடிச்சிருக்காரு?" என்று கேட்டார் ரேவதி.

உடும்பு அவருக்கு நேர் கீழே வந்து நின்று மோப்பம் பிடித்தது. போக மனசில்லாமல் அங்கேயே படுத்துக்கொண்டது. சகலை சிலையின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவார் என்று நினைக்கிறேன்.

"இப்படித்தான்… இப்படியேதான்! இவனுங்க கடலைப் பார்த்துக்கிட்டு நின்னானுங்க. அவனுங்க பின்னாடி காட்டு வழியா வந்துட்டானுங்க. திரும்பிப் பார்த்தா… திரும்பிப் பார்த்தா ஊரே போயிடுச்சு! எல்லாம் சின்னச் சின்னப் பசங்க. எவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னானுங்களோ, யாருக்குத் தெரியும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தொப்பி கீழே விழுந்து கிடந்தது. அதை யாரும் பார்க்கவும் இல்லை. முத்துக்குமார் போனைத் திருப்பிப் பிடித்துத் தன் மனைவிக்குக் கடலைக் காட்டினார், பிறகு காட்டை. வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

உடும்பை விரட்டக் கூடாது, அதுதான் அங்கே வீட்டுக்காரர், நாம் விருந்தாளி என்று லிம் அம்மா சைகையில் சொன்னார். எல்லோரும் காத்திருந்தோம். அது தானாக எழுந்து, தன் வாலைத் தானே இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது. முத்துக்குமாரும் நண்பர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சகலையை இறக்கினார்கள். பட்டறையில் கனமான இயந்திரங்களை இறக்கிப் பழகியவர்கள் என்பதால் பூ மாதிரி வைத்தார்கள்.

சகலை தொப்பியை எடுத்துத் தட்டிவிட்டு, லிம் அம்மாவைப் பார்க்காமல் தலைகுனிந்து நின்றார். அவர் அப்படி நின்று பார்க்க வேண்டும் என்று நான் எத்தனையோ தீபாவளிக்கு ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது பார்த்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

லிம் அம்மா ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்கு மொழி புரியவில்லை. ஆனால் அவர்கள் பின்னாலிருந்து வந்தார்கள் என்பது புரிந்தது." பிறகு கொஞ்சம் யோசித்து, "என் ஆங்கில நடையில் எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். இங்கே போனுக்குள் இருந்தவரே நம்மைப் பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து தமிழ் நடை உங்களுடையது. சிலை மேல் மட்டும் ஏறாதீர்கள். அது விதிமீறல்."

முத்துக்குமாரின் நண்பர்கள் விசில் அடித்தார்கள். சகலை பெல்ட்டை மேலே இழுத்தார். பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம்.

மரத்தடியில் பையைப் பிரித்தோம். லிம் அம்மா புளிச்சோற்றில் இருந்த வேர்க்கடலையை மட்டும் தனியாகப் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, சோறு காரம் என்று என்னிடம் தள்ளினார். சர்க்கரை வியாதியை மறந்து அதையும் நானே சாப்பிட்டேன். ரேவதி சாம்பார் கொதிக்கிறது என்று சொல்லி விடைபெற்றார்.

திரும்பும்போது ரயில் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்று செல்வி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாடிப் பேருந்து. முன் வரிசையில் வசந்தியும் சகலையும், அவர்களுக்குப் பின்னால் நாங்கள். சகலை களைத்துப்போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வசந்தி போனைக் கைப்பைக்குள் போட்டாள். பையின் ஜிப்பை இழுத்தாள். திறந்தாள், மறுபடி மூடினாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்தச் சிப்பாய்ப் பசங்க அப்புறம் என்ன ஆனாங்க?"

சகலை சரியாகக் கேட்டோமா என்று சந்தேகத்தோடு அவளைப் பார்த்தார். அவள் கொட்டாவி எதுவும் விடவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். போகப் போக இரண்டு கையும் மேலே எழுந்தன. எங்கள் நிறுத்தம் வந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அழுத்தும் பெல் இருந்த கம்பி செல்வியின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன். பஸ் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.